பொன்னுராஜ் திறந்த கண்கள்

போடி கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பொன்னுராஜை யாராவது போட்டோக்காரர் என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். ஆர்ட்டிஸ்ட் என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் ‘போட்டோக்காரரே, வாங்க’ என்று கூப்பிட்டால் பாயசம்கூட இறங்காது. அப்படியொரு பவுசு. அந்தப் பவுசுதான் எழுபத்தாறாம் வருஷம் ஸ்டுடியோவுக்கு மேலே ஒரு மாடி எடுக்க வைத்தது. மாடிக்குப் பெரிய பெரிய சன்னலாக வைக்கச் சொன்னது. வாசலில் ‘பொன்னுராஜ் ஆர்ட் காலரி’ என்று நீல எழுத்தில் போர்டும் மாட்டச் சொன்னது. ஏலக்காய் வாங்க வருகிற வியாபாரிகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, காலரி என்றால் சர்க்கஸில் உட்காருகிற பலகைதானே, அதை எதற்கு மாடியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாடி எழும்பிவிட்டது, போர்டும் ஏறிவிட்டது. சுவரில் மாட்டப் படம்தான் இல்லை. மதுரையில் படம் வரைகிறவர்களிடம் ஆள் விட்டுக் கேட்டார். போடியா, அது எந்தப் பக்கம் என்று கேட்டார்களாம். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஸ்டுடியோவின் பின்கட்டில், இருட்டறைக்குப் பக்கத்தில், பழைய சாமான்கள் அடைக்கிற அறை ஒன்று உண்டு. அதன் ஓடு ஒழுக ஆரம்பித்ததும் பொன்னுராஜின் மனைவி ஞானபாக்கியம் வந்து சொன்னாள்.

“உள்ள கெடக்குற அம்புட்டுப் படமும் நனையுது. ஒண்ணு தூக்கிப் போடுங்க, இல்ல மேல கொண்டுபோயி மாட்டுங்க. உங்க காலரிக்கும் ஒரு சோலி வேணும்ல.”

எரிச்சலில் சொன்னதுதான். பொன்னுராஜ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த அறையில் கிடந்தவை யாரும் வாங்க வராத படங்கள். உயிரோடு இருக்கிறவர்கள் தங்கள் படத்தை எப்படியும் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொஞ்சம் தாமதமானால் சண்டைகூடப் பிடிப்பார்கள். வராதவை எல்லாம் செத்தவர்களின் படங்கள். அந்தக் காலத்தில் மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் கீழே பட்டிகளிலும் பாதிச் சனம் ஆயுசில் ஒரு தடவைகூடப் போட்டோவுக்கு நின்றதில்லை. ஆள் போன பிறகுதான், முகம் மறந்துபோகுமே என்ற பயம் வீட்டாருக்கு வரும். உடனே ஸ்டுடியோவுக்கு ஆள் ஓடும். குளிப்பாட்டி, துணி மாற்றி, பிணத்தை நாற்காலியில் சாத்தி, துண்டால் நெஞ்சோடு கட்டி, கட்டு தெரியாமல் மாலையைப் போடுவார்கள். பொன்னுராஜ் படம் பிடித்துக்கொண்டு வந்து, பெரிசாகப் பிரிண்டு போட்டு, அதன்மேல் ஆயில் கலர் தீட்டுவார். சேலைக்குப் பச்சையோ அரக்கோ கொடுப்பார். இல்லாதவர்களுக்கு ஒரு சங்கிலி, ஒரு மூக்குத்தி, தன் தாராளத்தில் தூரிகையாலேயே போட்டுவிடுவார். கடைசியாகக் கண்ணைத் திறப்பார். உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கேட்டவர்களில் சிலர் காரியம் முடிந்ததும் தோட்டம் மாறிப் போய்விடுவார்கள். சிலருக்கு, செத்தவர் வீட்டுச் சுவரில் கண் திறந்து உட்கார்ந்திருப்பதை நினைத்ததுமே பயம் வந்துவிடும். எதுவானாலும் படம் பொன்னுராஜிடம் தங்கிவிடும்.

மூடின இமைமேல் கண் எழுதுவது லேசான வேலையில்லை. முதன்முதலில் ஒரு தோட்டத்துக் கங்காணிக்கு எழுதியபோது, அழித்து அழித்து எழுதியும் சந்தைக்கு வந்த மீனின் கண்ணாகத்தான் வந்தது. அலுத்துப்போய், அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“பாக்கியம், இங்கன வந்து உக்காரு. வச்ச கண்ணு வாங்காம என்னையப் பாரு.”

அப்போது அவள் புதுப்பெண். வெட்கத்தோடு பார்த்தாள். கங்காணிக்குக் கண் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பிணத்துக்குக் கண் திறந்தாலும் ஞானபாக்கியம் எதிரே வந்து உட்கார வேண்டும் என்பது வழக்கமாகிப்போனது. கிழவர் என்றால் புருவத்தில் வெள்ளை கூட்டுவார், ஓரத்தில் சுருக்கம் இழுப்பார். சின்ன வயசு என்றால் மை தீட்டுவார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு காலத்தில் முடிந்து, தனித்தனியே காகிதம் சுற்றி, சுவரைப் பார்க்கச் சாத்தி வைக்கப்பட்டதால், தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று அவருக்கே தெரியாமல் இருந்தது.

மழை வெறித்த ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றித் துடைத்து, சுவர் முழுக்க வரிசையாக மாட்டினார். கடைசி ஆணியை அடித்துவிட்டு நடுக்கூடத்தில் வந்து நின்றார். யாரோ நன்றாகத் தெரிந்த ஆள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இடம் மாறி நின்றார். அங்கேயும் அதே பார்வை. பாம்படம் போட்ட கிழவி பார்த்தாள், மீசைக்காரர் பார்த்தார், கழுத்து கொள்ளாத மாலையோடு ஒரு சிறுமி பார்த்தாள். அத்தனை பேரும் ஒரே ஆளாகப் பார்த்தார்கள். பசி மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் கீழே இறங்கப் போனபோது, காப்பி டம்ளரோடு ஞானபாக்கியம் ஏறி வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். காப்பி தளும்பிச் சேலையில் கொட்டியது.

“ஏங்க, இவுக எல்லாரும் என் கண்ண வச்சுக்கிட்டுப் பாக்குறாகளே.”

பொன்னுராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் ஆர்ட்டிஸ்ட் அல்லவா, விட்டுக்கொடுப்பாரா.

“கண்ணுன்னா எல்லாம் கண்ணுதான். போயி சோலியப் பாரு,” என்றார்.

அன்றிலிருந்து ஞானபாக்கியம் மாடிப்படியை மிதிக்கவில்லை. கண் எரிகிறது என்றாள். தொட்டியில் குனிந்து முகம் கழுவினால் தண்ணீருக்குள்ளிருந்து மீசைக்காரர் பார்க்கிறார் என்றாள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் மூட வரவில்லை, மேலே அத்தனையும் திறந்து கிடக்கும்போது கீழே இரண்டை மட்டும் எப்படி மூடுவது என்று கேட்டாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்த சிவப்பு அவள் கண்ணிலேயே தெரிந்தது. அதுகளைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினாள். பொன்னுராஜுக்கும் பயம்தான். ஆனால் ஊர் திரண்டு வந்துகொண்டிருந்ததே, அதை எப்படி விடுவது.

ஏல வியாபாரிகள் வந்தார்கள். தேனியிலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். உத்தமபாளையத்து சேக் பரீத் ராவுத்தர் துணிக்கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“கண்ணு பேசுதேய்யா. ஆர்ட்டிஸ்ட்டுன்னா நீருதான்,” என்று சொல்லிப் பொன்னுராஜின் தோளில் தட்டினார்.

இருபது வருஷமாக அவர் கேட்க ஏங்கிய சொல். காது குளிர்ந்துபோயிற்று. படத்தில் இருக்கிறவர்கள் செத்தவர்கள் என்று யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு படத்துக்கு முன்னால் நின்று, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நெற்றியைச் சொறிந்தார்கள். அவர்கள் பார்த்திருந்தது, தினமும் கடைவீதியில் காய் வாங்கிக்கொண்டு போகிற ஞானபாக்கியத்தைத்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆனால் படி இறங்கும்போது பேச்சுக் குறைந்துபோய்த்தான் இறங்கினார்கள். ஒருவரும் இரண்டாம் தடவை வரவில்லை.

அப்படி வந்த கூட்டத்தில் ஒரு நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து சுருளியம்மாள் வந்தாள். அவள் ஊர்க்காரர் ஒருவர் போடிக்கு உரம் வாங்க வந்தவர், காலரியை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய், உன் மகள் படம் அங்கே தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். வயல்வேலை செய்து இறுகின உடம்பு. நரைத்த தலையை அள்ளி முடிந்திருந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பச்சைப் பட்டுச்சேலையோடு இருந்த படத்துக்கு முன்னால் நேரே போய் நின்றாள். நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சுப்புத்தாயி,” என்றாள் படத்தைப் பார்த்து. “உசுரோட இருக்கியா ஆத்தா.”

அந்தப் படம் பொன்னுராஜுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் எடுத்தது. கர்ணன் என்கிற ஜீப் டிரைவர் தானே வந்து கூட்டிப்போனான். மலையாளம் கலந்த தமிழில் வழிநெடுக எதையெதையோ பேசிக்கொண்டு வந்தவன், லயம் நெருங்கியதும் வாயடைத்துப்போனான். காய்ச்சலில் போன அவன் மனைவி நாற்காலியில் இருந்தாள். சாயம் போன நூல்சேலை. காதும் மூக்கும் மூளி. பட்டும் மூக்குத்தியும் பொன்னுராஜ் போட்டவை. அந்தப் படத்துக்குக் கண் திறந்த அன்று ஞானபாக்கியம் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லாததைப் பற்றிச் சர்ச்சில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களாம். அந்த ஈரம் அப்படியே படத்தில் இறங்கியிருந்தது. தான் எழுதியதிலேயே சிறந்த கண் அதுதான் என்று பொன்னுராஜுக்கு ரகசியமான ஒரு கர்வம். கர்ணன் படத்தை வாங்க வரவேயில்லை.

“ஒரு டிரைவர் பயலோட மலையேறிப் போயிட்டா தம்பி,” என்றாள் சுருளியம்மாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் இருக்குற வரைக்கும் இந்த வாசல மிதிக்காதன்னு மண்ண வாரித் தூத்துனேன். ரோசக்காரி, சொன்னபடியே மிதிக்கல. செத்தாளா பொழச்சாளான்னு ஒரு சேதி இல்ல. இங்க பாருங்க, பட்டுச்சேல, மூக்குத்தி. அந்தப் பய நல்லாத்தான் வச்சிருக்கான். கண்ணுதான் கொஞ்சம் மாறிப்போச்சு. என்னைய நெனச்சு அழுதிருப்பா போல.”

அவள் திரும்பிப் பொன்னுராஜின் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கதான எடுத்தீக. இருக்காள்ல?”

பொன்னுராஜ் சுற்றிலும் பார்த்தார். கூடத்தில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிணங்களை மாட்டி ஊருக்கு வேடிக்கை காட்டியவன் என்று பேர் வந்துவிடுமே என்ற நினைப்பு அவருக்கு வந்தது, அதை மறைப்பானேன். அத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தில் வந்திருந்த வெளிச்சத்தை அணைக்கவும் மனசு வரவில்லை. இரண்டும் சேர்ந்து பொய்யாக வாயில் வந்தது.

“இருக்காகம்மா. புருசனோட வந்துதான் எடுத்தாக.”

“என்னையப் பத்தி எதுவும் பேசுனாளா.”

“பேசுனாக. எங்காத்தா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாகன்னு சொன்னாக.”

சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கேட்டாள். பொய்க்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. பூப்பாறைப் பக்கம் என்று சொல்லிவைத்தார். இந்த வயசில் அவ்வளவு தூரம் மலையேறிப் போகமாட்டாள் என்று நினைத்தார். பெற்றவளின் கால் எவ்வளவு தூரம் போகும் என்று பொன்னுராஜுக்குத் தெரியாது.

அங்கிருந்து இறங்கியவள் ஊருக்குப் போகவில்லை. மலைக்குப் போகிற ஜீப்பில் இடம் பிடித்து ஏறிவிட்டாள் என்று ஸ்டாண்டிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாளே மழை மறுபடி பிடித்தது. மெட்டுப் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. பொன்னுராஜுக்குச் சோறு இறங்கவில்லை. மாடிக்குப் போனால் பச்சைச் சேலைக்காரி பார்த்தாள். எங்காத்தாளை எங்கே அனுப்பினாய் என்று அந்தக் கண் கேட்டது. தாங்காமல் கீழே வந்தால், அதே கண்ணோடு ஞானபாக்கியம் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னன்னு சொன்னாத்தான தெரியும்,” என்றாள் அவள்.

அவர் தட்டை வாங்கிக்கொண்டு குனிந்துகொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். வீட்டுக்குள் இருக்கிற ஒரே மனுஷியைப் பார்க்கப் பயந்துகொண்டு எத்தனை நாள் காலந்தள்ள முடியும். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்துச் சுருளியம்மாள் நடந்தே மலையிறங்கித் திரும்பி வந்தபோது அவளை அடையாளமே தெரியவில்லை. அட்டை கடித்த கால்களில் ரத்தம் காய்ந்திருந்தது. உடம்பு கொதித்தது. மழைக்குக் கடைவீதி அடங்கிக் கிடந்ததால் காலரியில் வேறு யாரும் இல்லை. வந்ததும் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“பூப்பாறையில ஒவ்வொரு லயமா ஏறி எறங்கிட்டேன் தம்பி. அப்பிடி யாருமே இல்லேங்குறாக. நீங்க ஊர மாத்திச் சொல்லிப்புட்டீகளோ என்னமோ. நல்லா ரோசன பண்ணுங்க. சாந்தன்பாறையா, இல்ல அதுக்கும் அங்கிட்டா? மழ விட்டதும் போயிட்டு வந்துர்றேன்.”

“காய்ச்சலோட எப்பிடிம்மா போவீக.”

“எம்மக இருக்கான்னு தெரிஞ்ச பெறகு காய்ச்சல் என்ன செஞ்சுரும்.”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஞானபாக்கியம் ஏறி வந்துகொண்டிருந்தாள். படிக்கட்டுக்கு அடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தலையைக் குனிந்தபடி, எந்தப் படத்தையும் பார்க்காமல், சுவரோரமாகவே நடந்து வந்தாள். பச்சைச் சேலைப் படத்துக்கு அருகில் வந்து, அதன் சட்டத்தோடு தோள் இடிக்க நின்று, முகத்தை நிமிர்த்தினாள்.

“ஆத்தா, என்னையக் கொஞ்சம் பாருங்க.”

சுருளியம்மாள் அவளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

“அது என் கண்ணு ஆத்தா. இவுக என்னைய எதுக்க உக்கார வச்சு எழுதுனது. அன்னைக்கு அழுததும் நான்தான். இங்கன இருக்குற எல்லாருக்கும் என் கண்ணுதான்.”

சுருளியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். கிழவியை, மீசைக்காரரை, சிறுமியை. கடைசியில் பொன்னுராஜிடம் வந்து நின்றது அவள் பார்வை. மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

“அப்ப எம்மக கண்ணு?”

பொன்னுராஜ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவரிடம் இனிப் பொய் மிச்சமில்லை.

“மூடியிருந்துச்சும்மா. நான் போறப்பவே மூடித்தான் இருந்துச்சு.”

“எப்ப.”

“ஏழெட்டு வருசம் இருக்கும். காய்ச்சல்னு சொன்னாக.”

“கண்ண யாரு மூடி விட்டது.”

“தெரியலம்மா.”

“பெத்தவ நான் மூடி விடல.”

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தன் முகத்தில் காறித் துப்புவாள் என்று பொன்னுராஜ் காத்திருந்தார். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சுருளியம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். படத்தின் கன்னத்தைத் தடவினாள்.

“படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. இம்புட்டு வருசமா இப்பிடி முழிச்சுக்கிட்டுக் கெடந்திருக்காளே,” என்றாள். “மூடி விடணும் தம்பி.”

பொன்னுராஜ் கீழே ஓடினார். கலர் தட்டை எடுத்துவந்து, படத்தை இறக்கி அவள் மடியில் சாய்த்து வைத்தார். மஞ்சளும் பழுப்பும் துளிச் சிவப்பும் சேர்த்துச் சுப்புத்தாயின் தோல் நிறத்தைக் குழைத்தார். ஆயுசில் எத்தனையோ பேருக்குக் கண் திறந்திருக்கிறார்; மூடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. தூரிகையை நீட்டினார். சுருளியம்மாள் அதை வாங்கவில்லை. விரலைத் தட்டில் தொட்டு, நெற்றியிலிருந்து மெல்லக் கீழே இழுத்து, முதலில் ஒரு கண்ணை மூடினாள். பிறகு மற்றதை. தான் சிறந்ததென்று பெருமைப்பட்ட கண் கலருக்கு அடியில் மறைவதைப் பொன்னுராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அவர் அதை அடக்கவில்லை.

“தூங்கு ஆத்தா,” என்றாள் சுருளியம்மாள். “நான் வந்துட்டேன்.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஞானபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். வெளியே மழையும் உள்ளே அழுகையும் வெகுநேரம் ஓயவில்லை. ஓய்ந்தபோது சுருளியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையை உயர்த்திச் சுவர்களைப் பார்த்தாள்.

“இவுகளுக்கெல்லாம் யாரும் வரலையா தம்பி.”

“வரலம்மா.”

அவள் தட்டைப் பார்த்தாள். கலர் இன்னும் காயாமல் இருந்தது.

“அந்தப் பெரியவர எறக்கிக் குடுங்க,” என்றாள்.

பொன்னுராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மீசைக்காரரை ஆணியிலிருந்து கழற்றினார்.